அடுத்த வெள்ளத்துக்கு முன் மிளகாயை எங்கே வைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலா மில் நடத்துகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 2022 ஏப்ரலில் வந்து நிற்கும். அந்த மாதம் 11, 12 தேதிகளில் கொட்டிய மழை சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை சாவுக்கு முன்னால் மிளகாய் மூட்டைக் கணக்குப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்ப் புத்தாண்டும் ஈஸ்டரும் ஒரே வாரத்தில் வந்த நேரம் அது. கடைகளில் மசாலா கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்க, பல மில்களில் அரைக்கச் சரக்கு இல்லை. வேலையாட்களின் வாரக் கூலி மட்டும் நிற்கவில்லை.

"தம்பி, அடுத்த வாட்டி இப்படி ஆனா என்ன செய்றது? ஸ்டாக்கை ஏத்தி வைக்கட்டுமா, இல்ல இந்தியாவைத் தவிர வேற நாட்டுலயும் ஆள் புடிக்கட்டுமா?" என்று சாட்ஸ்வொர்த்தில் மில் வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டார். சரக்கு வரவழைத்துக் கொடுப்பது என் தொழில். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு. வழிகள் இன்னும் சில உண்டு. எல்லாச் சரக்குக்கும் ஒரே வழி பொருந்தாது என்பதுதான் என் கட்சி.

முதலில் அன்று எது அறுந்தது என்று பார்த்துவிடலாம். குண்டூரில் அந்தப் பருவம் இலைப்பேன் தாக்கி மகசூல் அடிபட்டது, விலையும் ஏறியிருந்தது. இருந்தாலும் பணம் கொடுத்தால் மிளகாய் கிடைத்தது. ஈரோட்டில் மஞ்சள் இருந்தது, குஜராத்தின் உஞ்ஜாவில் சீரகம் இருந்தது, கப்பலும் வந்தது. போனது பேஹெட் ரோடு. துறைமுகத்தின் கன்டெய்னர் முனையங்களுக்குப் போகிற சாலை அது. நாளொன்றுக்கு சுமார் 13,000 கனரக வண்டிகள் ஓடும். அதன் ஒரு பகுதியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. நாட்டுக்கு வரும் கன்டெய்னர்களில் பாதிக்கு மேல் கையாளும் துறைமுகம் ஒரு துண்டுச் சாலைக்காகக் காத்துக் கிடந்தது. தற்காலிகத் தடம் ஒன்றைத் திறந்து அத்தியாவசியச் சரக்குக்கு முதலிடம் கொடுத்தார்கள். டர்பனுக்கும் கேட்டோ ரிட்ஜுக்கும் இடையிலான ரயில் பாதை பல இடங்களில் இடிந்து போனதால் அந்தப் பக்கமும் வழியில்லை. அது சீராக மாதக்கணக்கில் ஆனது.

ஆக, அன்று சரக்கு விளைந்த இடத்தில் பழுதில்லை. வந்து சேர வேண்டிய கடைசி சில கிலோமீட்டரில்தான் பழுது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

விளையும் இடத்திலேயே அறுபடுவது வேறு கதை. 2023 டிசம்பர் 5ஆம் தேதி மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தபோது அந்தப் பக்கத்து வயல்களில் நின்ற பயிர் நனைந்தது. 2017 மார்ச்சில் எனாவோ புயல் மடகாஸ்கரின் வடகிழக்கை அடித்தது. வெனிலாவும் கிராம்பும் விளைகிற கரை அது. இதிலெல்லாம் நம் துறைமுகம் நன்றாகவே இருக்கும், சரக்குதான் இருக்காது. மூன்றாவது வகை, நம் மில்லே முடங்குவது. டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மூன்று மாதத்துக்கு மேல் உற்பத்தி நின்றது; நான்காயிரத்துக்கும் மேற்பட்ட புது வண்டிகளைக் கழித்துப் போட்டார்கள். வடக்கே டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து ஊரே மாதக்கணக்கில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நின்றது. மிளகாய் அரைக்க அதிகத் தண்ணீர் வேண்டாம், சமாளித்துவிடலாம். அச்சார் போடுகிறவர்களுக்கு மாங்காய் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. சுகாதாரத் துறை ஆள் வந்தால் என்ன பதில் சொல்வது?

வேறு நாட்டில் ஆள் பிடிப்பது

இந்த யோசனையைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். "ஒரே நாட்டை நம்பாதே" என்று எந்த மேலாண்மை வகுப்பிலும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் வியட்நாமிலிருந்து மிளகாய் எடுத்தாலும் சீனாவிலிருந்து எடுத்தாலும் அது இறங்குவது இதே டர்பன் துறைமுகத்தில், வெளியே வருவது இதே பேஹெட் ரோட்டில். 2022இல் இந்தியச் சரக்கு எங்கே நின்றதோ அங்கேதான் வியட்நாம் சரக்கும் நின்றிருக்கும். கடலுக்கு அப்பால் இரண்டாவது ஆள் என்பது மிக்ஜாம் போன்ற புயலுக்கு மருந்து. டர்பன் வெள்ளத்துக்கு அல்ல.

கடலைத் தொடாமல் வருகிற சரக்கு ஒன்று உண்டு. மலாவியில் ஊசி மிளகாய் விளைகிறது. சாம்பியா, ஜிம்பாப்வே இரண்டிலும் பாப்ரிகா போடுகிறார்கள், நம் நாட்டின் வடக்கிலும் கொஞ்சம் உண்டு. அந்த மூன்று நாட்டுச் சரக்கும் லாரியில், ஜிம்பாப்வேயை ஒட்டிய பெய்ட்பிரிட்ஜ் எல்லை தாண்டி வருபவை. அந்த எல்லையில் லாரி வரிசை நகரும் வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். ஆனாலும் துறைமுகம் மூடிய நாளில் திறந்திருக்கும் கதவு அது. மலாவிக்கும் தன் பங்குக்குப் பேரிடர் உண்டு: 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அந்த நாட்டின் தெற்கைச் சூறையாடியது. நமக்கு வேண்டியது அடியே வாங்காத ஊர் அல்ல, நாம் அடிவாங்கும் அதே நாளில் அடிவாங்காத ஊர். அந்தக் கணக்கில் மலாவி தேறும்.

தேறாதது ருசி. காஷ்மீரி, பியாடகி மிளகாய்க்கு நிறம், தேஜாவுக்குக் காரம். இந்த இரண்டையும் ஒவ்வொரு மில்லும் தனக்கென்று ஒரு விகிதத்தில் கலந்து வைத்திருக்கிறது, பாட்டி காலத்திலிருந்து. பாப்ரிகாவின் நிறத்தையும் ஊசி மிளகாயின் காரத்தையும் சேர்த்தால் ஆய்வகச் சீட்டில் எண்கள் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும். ஆனால் வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி போட்டுப் பாருங்கள். பாப்ரிகாவில் இனிப்புச் சத்து அதிகம், அது சீக்கிரம் கருகும். எண்ணெயின் மேல் பிரிந்து நிற்க வேண்டிய அந்தச் சிவப்பு, பழுப்பாகி அடியில் உட்காரும். டர்பன்காரர்கள் இதைக் கண்ணாலேயே கண்டுபிடித்து, "இது நம்ம மசாலா இல்லையே" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். மொத்த மிளகாயில் கால் பங்கு வரை ஆப்பிரிக்கச் சரக்கைக் கலந்தால் வித்தியாசம் தெரியாமல் ஓட்டலாம் என்பது என் கை அனுபவம். அதற்கு மேல் போனால் பெயர் கெடும். அந்தக் கால் பங்கையும் வெள்ளம் வந்த பிறகு பரிசோதிக்க முடியாது. சாதாரண நாளிலேயே ஒரு சின்ன லாட் வாங்கி, அரைத்து, தெரிந்த வாடிக்கையாளர் நாலு வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டாக்கை ஏற்றி வைப்பது

இதில் உணர்ச்சிவசப்படாமல் பென்சில் எடுத்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு மில் வருடத்துக்கு 100 ராண்டுக்குச் சரக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதச் சரக்கை எப்போதும் கூடுதலாக வைத்திருந்தால் அதில் முடங்கும் பணம் சுமார் 17 ராண்ட். வங்கி வட்டி 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1.80 ராண்டுக்குக் கொஞ்சம் மேல். கிடங்கு வாடகை, எடை குறைவு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் 3 ராண்ட் என்று வைக்கலாம். இது வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் வருடாவருடம் போகும் காசு.

இனி மறுபக்கம். ஸ்டாக்கே வைக்காமல் இருந்து, ஆறு வாரம் சரக்கு வராமல் போய், உள்ளூர் மொத்த வியாபாரியிடம் முப்பது சதவீதம் கூட்டிக் கொடுத்து வாங்கினால்? ஆறு வாரத் தேவை சுமார் 11.50 ராண்ட், கூடுதல் விலை 3.50 ராண்டுக்கு உள்ளே. அதுவும் அந்த ஒரு வருடம் மட்டும். வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழு 2022 மழையை ஆராய்ந்து, முன்பெல்லாம் நாற்பது வருடத்துக்கு ஒரு முறை எதிர்பார்க்கக் கூடிய அந்த அளவு மழை இன்று இருபது வருடத்துக்கு ஒரு முறை வரலாம் என்று சொன்னது. இருபது வருடத்துக்கு ஒரு முறை 3.50 ராண்டைத் தவிர்க்க வருடாவருடம் 3 ராண்ட் கட்டுவதா? வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் ஸ்டாக் வைப்பது நஷ்டம்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வேண்டாங்கிறியா?" என்று முறைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, நம் வழியை அடைப்பது வெள்ளம் மட்டும் அல்ல. 2021 ஜூலையில் மாகாணத்தில் கலவரம். அதே மாதம் துறைமுகங்களையும் ரயிலையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகளை யாரோ முடக்கியதால் கன்டெய்னர் வேலை நின்றது. 2022இல் ஏப்ரலில் ஒன்று, மே மாதக் கடைசியில் இன்னொன்று என இரண்டு வெள்ளம். 2023 நவம்பரில் டர்பன் வெளித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் முறைக்காக நின்றன. மூன்று வருடத்தில் நான்கு விதமாக அடைபட்ட வழியை இருபது வருடத்துக்கு ஒரு முறை அடைபடும் வழி என்று கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. முப்பது சதவீதம் கூட்டிக் கொடுத்தால் கிடைக்கும் என்று எழுதிவிட்டோம். மல்லி கிடைக்கும். சீரகம், சோம்பு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் கிடைக்கும். டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க்கிலும் மொத்த வியாபாரிகள் இவற்றை எப்போதும் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மல்லிக்கும் இன்னொருவர் மல்லிக்கும் வீட்டில் சமைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் மில்லுக்கென்று காம்பு நீக்கி, இன்ன நிறம் இன்ன காரம் என்று பார்த்து எடுத்த மிளகாய், காசு எத்தனை கொடுத்தாலும் வெளியே கிடைக்காது. அலமாரியில் உங்கள் பாக்கெட் இருந்த இடத்தில் ஆறு வாரம் இன்னொருவர் பாக்கெட் இருந்தால், அந்த இடம் திரும்பி வருமா என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

அதனால் என் தீர்ப்பு இது. கூடுதல் ஸ்டாக் மிளகாய்க்கு மட்டும். மற்றவற்றுக்கு வழக்கமான மூன்று வாரம் போதும். மிளகாய் மொத்தக் கொள்முதலில் பாதி என்றால், வருடச் செலவு 3 ராண்டிலிருந்து ஒன்றரை ராண்டாக இறங்கும். அந்தத் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

எத்தனை மூட்டை என்பதைவிட எந்த மாதத்தில் என்பது முக்கியம். குண்டூர் யார்டுக்கு, அதாவது அங்குள்ள மிளகாய்ச் சந்தைக்கு, புது மிளகாய் வரத்து பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மும்முரமாக இருக்கும். அதை வாங்கி, காம்பு எடுத்து, கன்டெய்னரில் ஏற்றி இங்கே இறக்க ஏப்ரல், மே ஆகிவிடும். ஆக நம் மில்களில் பழைய வருடத்துச் சரக்கு அடிமூட்டைக்கு வரும் மாதம் ஏப்ரல். 2019இல் ஈஸ்டர் நேரத்தில் வந்த வெள்ளமும் ஏப்ரல், 2022உம் ஏப்ரல். கிடங்கு காலியாக இருக்கும் நேரம் பார்த்து மழை வருகிறது. போதாக்குறைக்கு, கோடையில் குண்டூர் யார்டு சில வாரம் விடுமுறை விடும். ஏப்ரலில் கைவிட்டுப் போனதை மே மாதம் அவசரமாக வாங்கி அனுப்பச் சொல்வதும் சுலபமில்லை.

இதற்கு அதிகச் செலவில்லாத ஒரு வழி, முந்தின வருட மிளகாயில் ஒரு பங்கைக் குண்டூரிலேயே குளிர்பதனக் கிடங்கில் விட்டு வைப்பது. அந்தப் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. நிறம் மங்காது, பூச்சி வராது. ஜனவரியில் கப்பலேற்றினால் பிப்ரவரிக் கடைசியில் இங்கே இருக்கும். டர்பனின் ஈரக் காற்றில் வருடம் பூராவும் வைத்துக் காப்பதைவிட இது மேல். இங்கே எங்கள் ஆட்களிடம் இன்னொரு வசதியும் உண்டு: புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது. கறி மசாலா விற்பனை படுத்துவிடும், தீபாவளிக்கு முன்னால் எழுந்து ஓடும். புரட்டாசியில் மிஞ்சுகிற அரைப்பு நேரத்தில் ஸ்டாக்கைப் புரட்டி, பழையதை முன்னால் இழுத்து, மூட்டைகளைச் சரிபார்த்துவிடலாம்.

வைக்கிற இடம்

இரண்டு மாத மிளகாயை வாங்கி மில்லுக்குள்ளேயே அடுக்கினால், வெள்ளம் வரும்போது மில்லோடு அதுவும் போகும். பாதியாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

ஸ்ப்ரிங்ஃபீல்ட் பக்கம் உம்கேனி ஆற்றங்கரைச் சமவெளியில் வாடகை மலிவு என்று சிலர் போவார்கள். 1917 அக்டோபரில் அந்தச் சமவெளியில்தான் டின் டவுன் என்ற இந்தியத் தோட்டக்காரர்களின் குடியிருப்பு வெள்ளத்தில் போனது. மாரிமுத்து படவட்டனும் கூட இருந்த மீனவர்களும் ஒரு படகை வைத்துக்கொண்டு 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டன் அறுவர் என்று ஊர் இன்றும் அவர்களை நினைவு வைத்திருக்கிறது. அவர்கள் படகு விட்ட இடத்தை மறந்துவிட்டு அங்கே மூட்டை அடுக்கப் போகிறோம். 1987 செப்டம்பர் வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக் கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட நமக்கே இது உறைக்காவிட்டால் யாருக்கு உறைக்கும்?

கேட்டோ ரிட்ஜ், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கம் மேட்டு நிலம். கடற்காற்றின் ஈரமும் குறைவு. லாரி வாடகை கூடும், ஆனால் மாதம் ஒரு முறை எடுத்தால் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் வைப்பதை நான் சொல்ல மாட்டேன். வழியில் வான் ரீனன் கணவாய் இருக்கிறது. 2024 செப்டம்பரில் பனி கொட்டி அந்த நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது.

எங்கே வைத்தாலும் பேலட் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சணல் மூட்டை தரையில் இருந்தால் கால் அங்குலத் தண்ணீரைக்கூட உறிஞ்சி மேலே ஏற்றும். வெளியே பார்த்தால் அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கறை மாதிரித்தான் தெரியும். மூட்டையைத் திறந்து முழங்கை வரை கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். மிளகாய் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வரும். காம்பு இருந்த இடத்தைப் பிளந்து பார்த்தால் விதையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூஞ்சை. அந்த மூட்டையை வெயிலில் காயவைத்து அரைக்கலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பூஞ்சை காய்ந்துவிடும், அஃப்லாடாக்சின் காயாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 2022க்குப் பிறகு நனைந்த சரக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று சுற்றியவர்கள் உண்டு. அவர்கள் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்குவதற்கு அல்ல.

உள்ளூர் வியாபாரியும் கைமாற்றும்

மல்லி, சீரகம் வகையறாவுக்கு ஸ்டாக் வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு வேண்டும். மொத்த வியாபாரி பேரிடர் நாளில் யாருக்குச் சரக்கு தருவார்? வருடம் பூராவும் தன்னிடம் வாங்குகிறவருக்கு. நேரடி இறக்குமதியில் கிலோவுக்கு இரண்டு ராண்ட் மிச்சம் என்று அவரை அடியோடு ஒதுக்கிவிட்டு, தண்ணீர் வந்த அன்று போன் போட்டு "அண்ணே" என்றால் அவர் எடுக்க மாட்டார். எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு சரக்கை அவரிடமே எடுப்பது, கடன் பாக்கியை நாள் தவறாமல் தீர்ப்பது, தடைக் காலத்தில் இத்தனை மூட்டை வரை இன்ன விலை முறைப்படி என்று முன்பே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது: இதெல்லாம் ஸ்டாக்கைவிட மலிவு. விலையை அப்போதைய சந்தை விலையோடு இத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். பழைய விலையிலேயே கட்டிப்போடப் பார்த்தால், நெருக்கடி வந்ததும் அந்தக் காகிதத்தை அவரே தொலைத்துவிடுவார்.

இன்னொரு வழியைப் பெரிய கம்பெனிக்காரர்கள் யோசிப்பதே இல்லை. கைமாற்று. பீனிக்ஸ் மில்காரரிடம் மஞ்சள் மிச்சம், மெரேபேங்க் மில்காரரிடம் சோம்பு மிச்சம். மூட்டைக்கு மூட்டை, பிறகு திருப்பிக் கொடுப்பது. போட்டிக்காரர்களுக்குள் இது நடக்குமா என்று கேட்கலாம். கோயில் கமிட்டியில் ஒன்றாக உட்காருகிறவர்கள், காவடிக்கு ஒரே பந்தலில் சமைக்கிறவர்கள். நடக்கும். ஆனால் விற்கிற விலை பற்றி அங்கே பேச்சே வரக் கூடாது. போட்டிச் சட்டம் அதை விடாது. மூட்டையின் எடை, ஈரப்பதம், லாட் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். நீங்கள் கொடுத்தது நல்ல சரக்கு, திரும்பி வந்தது தூசு என்றால் அடுத்த திருவிழாவில் முகம் பார்க்க முடியாது. மிளகாய்க்குக் கைமாற்று சரிப்படாது. காரணம் முன்பே சொன்னதுதான்.

பதறி, தெரியாத ஆளிடம் மிளகாய்ப் பொடியாகவே வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 2005இல் பிரிட்டனில் சூடான் சாயம் கலந்த மிளகாய்ப் பொடி ஒரு சாஸில் போய், அந்த சாஸ் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களில் போய், எல்லாவற்றையும் கடையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். முழு மிளகாயைக் கண்ணால் பார்க்கலாம். பொடியை ஆய்வகம்தான் பார்க்கும்.

வேறு துறைமுகம், விமானம்

பக்கத்து நாடான மொசாம்பிக்கின் மபூட்டோ துறைமுகம் வழியாகக் கொண்டுவரலாமே என்று ஒவ்வொரு தடையின்போதும் யாராவது சொல்வார்கள். நூறு கன்டெய்னர் கொண்டுவருகிறவருக்குச் சரி. மாதம் ஒன்று கொண்டுவருகிற மில்லுக்கு, கப்பல் எங்கே நிற்கும் என்பதைக் கப்பல் கம்பெனியான லைன்காரர்தான் முடிவு செய்கிறார். இறங்கும் துறைமுகத்தை நடுக்கடலில் மாற்றக் கட்டணம், மொசாம்பிக் சுங்கத்தில் கடவுச் சரக்குக்கான பிணை, எல்லையில் காத்திருப்பு, எல்லாம் சேர்த்தால் மிளகாய் டர்பன் வந்து சேர்வதற்குள் பேஹெட் ரோட்டைச் சரிசெய்து முடித்திருப்பார்கள். கெபெஹா பக்கத்து ங்கூரா துறைமுகம் உள்நாட்டிலேயே இருப்பதால் சுங்கத் தொல்லை இல்லை, ஆனால் சாலையில் சுமார் 900 கிலோமீட்டர். மிளகாய் இலேசான சரக்கு. இருபது அடிப் பெட்டியில் ஆறேழு டன்னுக்கு மேல் கொள்ளாது, அதனால் கிலோவுக்கு விழும் வண்டிச் சத்தம் மற்றச் சரக்கைவிட அதிகம். லைன்காரரே தன் இஷ்டத்துக்கு அங்கே இறக்கிவிட்டுப் போக பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டில் இடம் உண்டு, அதை மறக்க வேண்டாம். அப்படி நடந்தால் எடுத்துத் தர அங்கே கிளை வைத்திருக்கும் கிளியரிங் ஏஜென்டாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இந்த வழியில் யோசனையைச் செலவழிக்கத் தேவையில்லை.

விமானம் ஏலக்காய்க்கு, சாதிப்பத்திரிக்கு. அவ்வளவுதான்.

மூலப்பொருள் என்றதும் சாக்கில் வருவதை மட்டும் நினைக்கிறோம். அச்சடித்த பாக்கெட்டும் மூலப்பொருள்தான். அது உள்ளூரில், பெரும்பாலும் ஒரே ஒரு அச்சகத்தில் அடிப்பது. அந்த அச்சகம் இசிபிங்கோ தாழ்வில் இருந்தால்? மிளகாய் மலை மாதிரி இருக்க, போட்டு விற்கப் பை இல்லாத நிலை வரும். அச்சடிக்காத வெற்றுப் பையும், சட்டப்படி இருக்க வேண்டிய சேர்மான விவரம் எல்லாம் உள்ள ஸ்டிக்கரும் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பை கெடாது, விலையும் அற்பம். இத்தனை வழிகளிலும் ஒரு ராண்டுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்று நினைக்கிறேன், ஒருவரும் செய்வதில்லை.

காப்பீட்டை ஒரு வழியாகச் சேர்க்கலாமா என்று அக்கா கேட்டார். அது சரக்குத் தராது, காசு தரும், அதுவும் பிந்தி. சஸ்ரியா என்ற அரசுக் காப்பீடு கலவரத்துக்கு, வெள்ளத்துக்கு அல்ல. தொழில் முடக்கக் காப்பீடு பொதுவாக உங்கள் கட்டடம் சேதமானால்தான் பேசும். மில் உலர்ந்து இருக்க, சாலை போனதால் சரக்கு வரவில்லை என்றால், வழி அடைபட்டதற்கும் சப்ளையர் முடங்கியதற்கும் தனி விரிவாக்கம் வாங்கியிருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது தரகரிடம் அந்த இரண்டு பத்தியையும் காட்டச் சொல்லுங்கள். வாய்ச் சொல் வேண்டாம்.

கடைசியில் அக்கா செய்தது என்ன? இரண்டு மாதம் என்று கேட்டவர் மிளகாய்க்கு மட்டும் ஏழு வாரம் என்று ஒத்துக்கொண்டார். அதில் பாதி பீட்டர்மரிட்ஸ்பர்க்கில். மலாவிச் சரக்கு கால் பங்குக்கு மேல் வேண்டாம் என்று அவரே சொன்னார். ருசி பார்த்தது அவர் மாமியார். மல்லி, சீரகத்துக்கு ஒரு மொத்த வியாபாரியோடு காகிதம் எழுதியாயிற்று. டோங்காட்டில் அச்சார் போடுகிறவராக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்: முதல் காசைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுங்கள், மிளகாய் அப்புறம். புதிதாக மில் தொடங்கி இன்னும் வாடகைக்கே திணறுகிறவர் ஸ்டாக்கில் பணத்தைப் புதைக்க வேண்டாம். வெற்றுப் பையும் ஒரு நல்ல வியாபாரியின் நம்பிக்கையும் இரண்டு வருடத்துக்குப் போதும்.

ஜனவரியில் குளிர்பதனச் சரக்கை ஏற்ற வேண்டுமானால் நவம்பர் முதல் வாரமே குண்டூர் தரகரிடம் லாட்டைக் குறித்து, மாதிரி வரவழைத்து, நிறம் பார்த்துவிட வேண்டும். தீபாவளி அவசரத்தில் நம் ஆட்கள் இதைத்தான் தள்ளிப் போடுகிறார்கள். டிசம்பர் நடுவில் டர்பனில் ஆபீஸ்கள் பாதி விடுமுறைக்குப் போய்விடும். இறக்குமதிக் காகிதங்களையும் வங்கி வேலையையும் அதற்குள் முடித்து வைத்தால்தான் கப்பல் பிப்ரவரியில் வந்து சேரும்.